இயந்திரக் கோளாறு இல்லை

விபத்தான வண்டியில் பிரேக் வேலை செய்ததா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று என்னிடம் கேட்காத சொந்தக்காரர் இல்லை. அப்பளம்போல் நொறுங்கியது என்று பத்திரிகையில் எழுதுவார்களே, அந்த நிலையில் ஸ்டேஷன் வளாகத்தில் கிடக்கும் வண்டியில் எதைச் சோதிப்பது? நிறைய இருக்கிறது. கார், வேன் என்றால் உள்ளே கையை விட்டு பிரேக் பெடலை அமுக்கிப் பார்ப்போம். கெட்டியாக எதிர்த்து நின்றால் லைனில் ஆயில் இருக்கிறது என்று பொருள். மெத்தென்று உள்ளே போனால் எங்கேயோ ஒழுகியிருக்கிறது. அந்த ஒழுகல் விபத்துக்கு முன்பே இருந்ததா, மோதலில் குழாய் வெட்டுப்பட்டு வந்ததா என்பது அடுத்த கேள்வி. பழைய ஒழுகல் என்றால் சக்கரத்தின் உள்பக்கம் ஆயிலும் புழுதியும் சேர்ந்து கெட்டியாக அப்பிக் கிடக்கும். புது வெட்டு என்றால் உலோகம் பளிச்சென்று தெரியும், ஆயில் சுத்தமாக வழிந்திருக்கும். லாரிக்கு ஏர் பிரேக். என்ஜின் ஓடும் நிலையில் இருந்தால் ஸ்டார்ட் செய்து, ஏர் ஏற்றி, எங்கே ‘உஸ்’ என்கிறது என்று காது கொடுப்போம். ஸ்டியரிங்கில் எவ்வளவு ப்ளே, டை ராடு எண்டு கழன்றதா ஒடிந்ததா, டயரில் பட்டன் எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இரும்பு ஒடிந்திருந்தால் ஒடிந்த முகத்தை டார்ச் அடித்துப் பார்ப்பேன். அதில் துரு இருந்தால் விரிசல் பழையது. முகம் முழுக்க வெள்ளையாக இருந்தால் அன்றைக்கு ஒடிந்தது.

நான் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். ஆட்டோமொபைல் டிப்ளமோ, ஒர்க்‌ஷாப்பில் கையில் கிரீஸ் பட்ட அனுபவம், கனரக லைசென்ஸ் எல்லாம் இருந்தால்தான் இந்த வேலைக்கே எழுதிப் போட முடியும். தருமபுரி, சேலம், நாமக்கல் என்று பழைய ஏழாம் நம்பர் ரோட்டை ஒட்டியே என் சர்வீஸ் போய்விட்டது. இப்போது அந்த ரோட்டுக்கு நம்பர் 44. லைசென்ஸுக்கு எட்டு போட வைப்பவன், எஃப்.சி.க்கு வரும் வண்டியைக் குனிந்து பார்ப்பவன், செக்போஸ்டில் கை காட்டுகிறவன் என்ற அளவில்தான் மக்களுக்கு எங்களைத் தெரியும். விபத்து வண்டியைப் பார்த்து அறிக்கை எழுதுகிறவனும் இவன்தான் என்பது, அந்தக் காகிதத்துக்காக அலைந்த குடும்பங்களுக்கு மட்டும் தெரியும்.

எஃப்.ஐ.ஆர். ஆனதும் ஸ்டேஷனிலிருந்து எங்களுக்குக் கடிதம் வரும். போய்ப் பார்த்து எழுதும் அறிக்கையின் கடைசியில் ஒரு வரி உண்டு: விபத்து, வாகனத்தின் இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல. சர்வீஸ் முழுக்க நான் அதிகம் எழுதிய வாக்கியம் எது என்றால் இதுதான். மகள் கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுத உட்கார்ந்தபோது, அந்த வரியை எழுதிவிடாதீர்கள் என்று வீட்டில் கேலி செய்தார்கள். பெரும்பாலான வண்டிகளைப் பொறுத்தவரை அது முழு உண்மை. பிரேக் நன்றாக இருக்கும், ஸ்டியரிங் நன்றாக இருக்கும், டயர் நன்றாக இருக்கும். ஆள்தான் இருக்க மாட்டார். வண்டியின் மேல் தப்பில்லை என்று அந்த வரி சொல்லிவிடுகிறது. ஓட்டியவர் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுத எங்கள் தாளில் இடம் கிடையாது. அது எங்கள் வேலையும் இல்லை என்பார்கள்.

அந்த வரியை மாற்றி எழுதிய இடம் தொப்பூர் கணவாய். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது, டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போட்டுவிட்டு இறங்கும் பழக்கம் லாரிக்காரர்களிடம் வெகுநாளாக உண்டு. கியரில் இருந்தால் என்ஜினே வண்டியைப் பாதி இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி இல்லை. முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். காலை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இறங்கினால் டிரம் கொதித்து, லைனர் மெருகேறி, அதற்கப்புறம் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. இரட்டைப் பாலத்தருகே நடந்த மோதல்களில் எத்தனையோ இப்படி வந்தவை. ஆனால் அந்த வண்டிகளில் டிரம்மைக் கழற்றினால் விஷயம் தெரிந்துவிடும். லைனர் மேல் கை வைத்தால் வழுக்கும், கருகிய வாசம் மறுநாள்கூடப் போகாது. டிரைவர் எவ்வளவுதான் மறைத்தாலும் இரும்பு சொல்லிவிடும். அந்த அறிக்கை எழுதும்போது எனக்கு ஒரு நிம்மதி இருக்கும். காரணம் என் கையில் இருக்கிறது, காட்டலாம், போட்டோ எடுக்கலாம்.

செல்போன் வந்தபின் அந்த நிம்மதி போயிற்று. அதற்கு முன்பு கவனம் தவறாமல்தான் எல்லோரும் ஓட்டினார்கள் என்று சொல்ல வரவில்லை. கேசட் மாற்றினார்கள், பீடி பற்றவைத்தார்கள், ஓடும் வண்டியில் வெற்றிலை மடித்தார்கள். ஆனால் அவை முடிகிற காரியங்கள். பீடி ஒருமுறை பற்றிக்கொண்டால் வேலை தீர்ந்தது. போன் தீருவதில்லை.

ஒரு வண்டியைச் சொல்கிறேன். நாலு வழிச் சாலை, நேர் ரோடு, மாலை நாலு மணி வெயில். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன டிராக்டர் டயர் பஞ்சராகி இடது ஓரம் நின்றிருந்தது. பின்னால் பத்தடி தள்ளிக் கல்லை வைத்து, வேப்பங்கிளையை ஒடித்து நட்டிருந்தார்கள். கார் ஒன்று கிளையையும் கல்லையும் ஏறிக்கடந்து டிரெய்லருக்குள் போய்ச் செருகியது. நான் பார்த்தபோது பிரேக் பெடல் கல்லாக நின்றது. ஆயில் டப்பாவில் மேல் கோடு வரை ஆயில். டயர் நாலும் ஏறக்குறையப் புதுசு. கியர் அஞ்சில் இருந்தது. ஒரு ஆள் முன்னால் எதையாவது பார்த்துப் பயந்தால் காலும் கையும் ஏதாவது செய்யும், ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்பியிருக்கும். இதில் சக்கரங்கள் நேராக இருந்தன. ரோட்டைப் போய்ப் பார்த்தேன். பிரேக் பிடித்த கோடு ஒரு அடிகூட இல்லை.

பின் விளக்கைக் கழற்றி பல்பையும் எடுத்துப் பார்த்தேன். இது எல்லோரும் செய்கிற சோதனை அல்ல. எனக்கு ஒரு சீனியர் சொல்லிக்கொடுத்தது. பழைய மாதிரி பல்பில் இழை எரியும்போது சூடேறி இளகியிருக்கும். அந்த நொடியில் பலமாக அதிர்ந்தால் சுருள் இழுபட்டுக் கோணிப் போகும். எரியாமல் குளிர்ந்திருந்தால் சுருள் சுருளாகவே இருக்கும், அல்லது படக்கென்று முறிந்திருக்கும். பின் விளக்கு பல்பில் இரண்டு இழைகள். பிரேக்குக்கான தடித்த இழை கடையில் வாங்கியபடி வரிசையாக நின்றது. முன்பக்க மோதலில் பின் விளக்கு வரை போதுமான அதிர்ச்சி போகாமலும் இருக்கலாம் என்பதால் அதை மட்டும் வைத்து எதுவும் எழுத மாட்டோம். மற்ற எல்லாமும் ஒரே பக்கம் கை காட்டும்போது அதுவும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். போன் பெடலுக்குக் கீழே மிதியடியில் கிடந்தது என்றார் காவலர். பர்ஸும் கீழேதான் கிடந்தது, டேஷ்போர்டில் ஒட்டியிருந்த அம்மன் படமும் கீழேதான் கிடந்தது. மோதலில் எல்லாம் விழும். அது சாட்சியாகாது.

அந்தக் கார்க்காரரைப் பிறகு அலுவலகத்தில் பார்த்தேன். கால் எலும்பு சேர்ந்து கட்டையோடு வந்தார். பக்கத்து சீட்டில் இருந்த மைத்துனர் இல்லை. “திடீர்னு முன்னாடி நின்னுருச்சுங்க சார்” என்றார். டிராக்டர் அங்கே நின்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு அது அந்த நொடியில்தான் வந்து நின்றது. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் என்பவரும் ஒரு சகாவும் 2001இல் ஒரு சோதனை செய்து வெளியிட்டார்கள். ஆட்களை உட்காரவைத்து, ஓட்டுவது போன்ற ஒரு வேலையைக் கொடுத்துப் போனில் பேசவிட்டுப் பார்த்தார்கள். பேசுகிறவர்கள் தவறவிட்ட சிக்னல்கள், பேசாதபோது தவறவிட்டதைப்போல இரு மடங்குக்கு மேல். போனைக் கையில் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கணக்கு மாறவில்லை. சிக்னல் கண்ணுக்கு நேரேதான் இருந்தது. கண் அதன் மேல் பட்டும் மனசில் ஏறவில்லை. “திடீர்னு” என்று சொல்லும் டிரைவர்களை அதன்பிறகு நான் அதட்டுவதை விட்டுவிட்டேன்.

எண்பதில் போகும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் போகும். வாட்ஸ்அப்பில் யார் என்று பார்த்துவிட்டு நிமிர இரண்டு நொடி என்றால் நாற்பத்து நாலு மீட்டர். கல்லும் வேப்பங்கிளையும் பத்தடியில்.

இரும்பில் இருந்த தடயங்களும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்கள் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். அது சக்கரத்தைப் பூட்டவிடாது, அதனால் முழு பலத்தோடு மிதித்தாலும் ரோட்டில் பழையபடி கறுப்புக் கோடு விழுவதில்லை. உயிரைக் காக்கிற நல்ல பொருள்தான், எனக்குத்தான் ஒரு சாட்சி போயிற்று. இப்போது கோடு இல்லை என்றால் பிரேக் பிடிக்கவில்லை என்று துணிந்து சொல்ல முடியாது. பல்பும் எல்.இ.டி. ஆகிவிட்டது, அதில் இளகவும் கோணவும் இழையே இல்லை. என் சீனியர் சொல்லிக்கொடுத்த வித்தை என்னோடு ரிட்டயர் ஆகிவிட்டது.

இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் விபத்துப் புத்தகம் வெளியிடுகிறது. 2022இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. விபத்து எண்ணிக்கையில் நாம்தான் முதலிடம், 64,105. சாவுகளில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் அதிவேகம் என்ற தலைப்பில் வரும். செல்போன் என்ற தலைப்பில் வருவது நூற்றுக்கு இரண்டு என்ற அளவில்தான். அதைப் பார்க்கிறவர்கள், போன் ஒன்றும் பெரிய பிரச்சினை இல்லை போலிருக்கிறது என்று நினைப்பார்கள். அந்தக் கட்டம் எப்படி நிரம்புகிறது என்று எனக்குத் தெரியும். போன் பேசிக்கொண்டே வந்தான் என்று கண்ணால் பார்த்த ஒருவர் சொல்ல வேண்டும், அல்லது பிழைத்த டிரைவர் தானே ஒப்புக்கொள்ள வேண்டும். பார்த்தவர் ஸ்டேஷனுக்கு வர மாட்டார். டிரைவர் ஒப்புக்கொள்ள மாட்டார். இறந்தவர் சொல்ல மாட்டார். மிச்சம் எல்லாம் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்ற பழைய சொல்லுக்குள் போய்ச் சேரும். இப்போது ஐராட் என்று ஒரு செயலி வந்திருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் வடிவமைத்தது, தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் முதலில் தொடங்கினார்கள். விபத்து நடந்த இடத்திலிருந்தே போலீஸ் பதிவு செய்ய, எங்கள் ஆய்வும் அதிலேயே ஏறும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தெரியாததைச் செயலியில் ஏற்றினாலும் அது தெரியாததுதான்.

போன் கம்பெனியில் கேட்டால் தெரிந்துவிடாதா என்பார்கள். கேட்கலாம், போலீஸுக்கு அதிகாரம் உண்டு. 1997இலேயே கனடாவின் டொரண்டோவில் ரெடல்மையர், டிப்ஷிராணி என்ற இருவர் இதைத்தான் செய்தார்கள். விபத்தில் மாட்டிய 699 டிரைவர்களின் போன் பில்லை எடுத்து, விபத்து நேரத்தோடு ஒட்டிப் பார்த்தார்கள். பேசும்போது ஆபத்து நாலு மடங்கு என்று வந்தது. இங்கே கொலை வழக்குக்குப் போன் விவரம் வாங்குகிற மாதிரி சாலை விபத்துக்கு வாங்கி நான் பார்த்தது அபூர்வம். வாங்கினாலும் அதில் வருவது அழைப்பும் குறுஞ்செய்தியும்தான். ஓட்டிக்கொண்டே வீடியோவைத் தள்ளிப் பார்த்தவரின் விரல் அந்தத் தாளில் வராது.

கோர்ட்டிலும் இதே கதைதான். சாட்சிக் கூண்டில் ஏறி, பிரேக் நன்றாக இருந்தது என்று சொல்லி முடிப்பேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, “டிரைவர் போன் பேசினார் என்று உங்களால் சொல்ல முடியுமா?” என்பார். முடியாது என்பேன். “பேசவில்லை என்று சொல்ல முடியுமா?” என்று யாரும் கேட்டதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2019 திருத்தத்தில் கையில் போன் பிடித்து ஓட்டுவதை, ஆபத்தாக ஓட்டுதல் என்ற 184ஆம் பிரிவுக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து முதல் தடவை ஆயிரம், திரும்ப மாட்டினால் பத்தாயிரம். 2020இல் வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் கெடாத விதத்தில், போன் வைத்துக்கொள்ளலாம் என்று விதி வந்தது. அன்றிலிருந்து யாரை நிறுத்தினாலும் “மேப் பார்த்தேன் சார்” என்பதே பதில். அபராதத்தைவிட ஆட்கள் பயப்படுவது லைசென்ஸை முடக்குவதற்குத்தான். உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015இல் சொன்னதன் பேரில், போன் பேசி மாட்டினால் மூன்று மாதத்துக்குக் குறையாமல் முடக்கலாம். முடக்குவதற்கு முன் விளக்கம் கேட்டு நோட்டீஸ் போகும். வரும் பதில்களைப் படித்தால், இந்த மாவட்டத்தில் போனில் பேசப்படுகிற எல்லாமே ஆஸ்பத்திரிச் செய்தி என்றுதான் தோன்றும். அம்மாவுக்கு மூச்சுத்திணறல், மனைவிக்குப் பிரசவ வலி, மாமனாருக்கு நெஞ்சுவலி. ஒருவர் மட்டும் நேர்மையாக எழுதியிருந்தார்: சும்மாதான் பேசினேன்.

டெஸ்ட் மைதானத்தில் எங்களால் பிடிக்க முடிந்ததும் குறைவு. எட்டு போடும்போது கால் ஊன்றினால் ஃபெயில், கை காட்டாமல் திரும்பினால் ஃபெயில். அங்கே யாரும் போனைத் தொட மாட்டார்கள். அத்தனை பவ்யமாக எட்டு போட்டு, பாஸ் என்று கேட்டதும் கும்பிடு போட்டுவிட்டு, மைதானத்து கேட்டைத் தாண்டுவதற்குள் போனை ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவில் செருகிக்கொண்டு போன தம்பியை ஆள் அனுப்பித் திரும்பக் கூப்பிட்டிருக்கிறேன். “அம்மாகிட்ட பாஸ்னு சொன்னேன் சார்” என்றான். அந்த அம்மாவும் மறுமுனையில், பத்திரமா வாடா என்றுதான் சொல்லியிருப்பார்.

லாரி டிரைவர்கள் விஷயம் வேறு. அவர்களைத் திட்டுகிறவர்கள் ஒரு ராத்திரியாவது கேபினில் உட்கார்ந்து போய்ப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் வண்டியில் கிளீனர் என்று ஒரு பையன் இருப்பான். டிரைவர் கண் சொக்கினால் பேச்சுக் கொடுப்பான், டீ வாங்கி வருவான், போன் வந்த புதிதில் அதை எடுத்துப் பதில் சொன்னவனும் அவன்தான். முன்னால் ஒரு வண்டி பிரேக் அடித்தால் அவனும் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்துவான். போனில் இருக்கிறவர் நிறுத்த மாட்டார், அவருக்கு ரோடு தெரியாது. கிளீனர் சம்பளம் கட்டுப்படியாகாமல் அந்த ஆள் போனான். நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியும் 2018இல் போயிற்று. இப்போது கன்னியாகுமரியிலிருந்து தில்லி வரை ஒரே ஆள் ஓட்டிப் போகலாம்.

கிருஷ்ணகிரி டோல்கேட் பக்கம் வண்டி சோதனையில் ஒரு பெரியவரை நிறுத்தினேன். காதில் ப்ளூடூத். வயசு அறுபதை ஒட்டியிருக்கும். ஏன் பேசிக்கொண்டே வருகிறீர்கள் என்றேன். “பேசலைன்னா தூங்கிருவனுங்க சார். மூணு பேரு லைன்ல இருக்கோம். ஒருத்தன் ஓசூரு, ஒருத்தன் நாக்பூரு. எவனாச்சும் பதில் சொல்லலைன்னா மத்தவங்க சத்தம் போடுவோமுங்க” என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்புறம் தேடிப் பார்த்ததில், வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து நிறுவனம் 2009இல் லாரிகளில் கேமரா வைத்துச் செய்த ஆய்வு ஒன்று பெரியவர் பக்கம் இருந்தது. கையில் பிடிக்காமல் பேசிய லாரி டிரைவர்களுக்கு அபாயம் கூடவில்லை என்று அதில் வந்திருக்கிறது. தூக்கம் கலைவதால் இருக்கலாம். ஆனால் அதே ஆய்வில், போனில் எழுத்துத் தட்டியவர்களுக்கு ஆபத்து 23 மடங்கு. ஆபத்து நேர்ந்த ஆறு நொடியில் நாலரை நொடிக்கு மேல் கண் ரோட்டில் இல்லை. யூட்டா ஒன்று சொல்கிறது, வர்ஜீனியா ஒன்று சொல்கிறது. நான் பார்த்த வண்டிகளை வைத்து எனக்குத் தோன்றுவது: தெரிந்த ஆளோடு சும்மா பேசுகிற பேச்சு வேறு, வாடகை பாக்கிக்கும் பிள்ளையின் ஃபீஸுக்கும் பதில் தேடுகிற பேச்சு வேறு. இரண்டாவது வகைப் பேச்சில் இருந்தவர்களின் வண்டிகள்தான் என்னிடம் அதிகம் வந்தன என்று சந்தேகப்படுகிறேன். அதை நிரூபிக்க வழியில்லை.

போன் இருமுனைக் கருவி. எந்த அறிக்கையிலும் எந்தக் குற்றப்பத்திரிகையிலும் மறுமுனையில் இருந்தவர் பெயர் வந்து நான் பார்த்ததில்லை. வண்டி ஓட்டுகிறவர் தானாக யாரையாவது கூப்பிடுவது பாதி. மீதிப் பாதி, அவரைக் கூப்பிடுகிறவர்கள். டிரான்ஸ்போர்ட் ஆபீஸ், சரக்குக்காரர், புரோக்கர், வீடு. ஜி.பி.எஸ். வந்தால் இந்தத் தொல்லை குறையும் என்று நினைத்தோம். வண்டி எங்கே இருக்கிறது என்று ஆபீஸில் உட்கார்ந்தே பார்க்கலாமே. நடந்தது வேறு. இப்போது திரையைப் பார்த்துக்கொண்டே, ஏன் அங்கே இருபது நிமிஷம் நின்றாய், ஏன் அறுபதிலேயே போகிறாய் என்று கூப்பிடுகிறார்கள். முதலாளி போனை எடுக்காமல் விடுகிற தைரியம் மாதச் சம்பளக்காரருக்கு வராது. உணவு கொண்டுபோகும் பையன்களுக்கு முதலாளியும் ஒரு திரைதான். ஹேண்டில்பாரில் மாட்டிய போனில் அடுத்த ஆர்டர் மணி அடிக்கும், சில நொடிக்குள் தொடாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும். அந்தத் தொடுதல் ஓடுகிற வண்டியில்தான் நடக்கிறது. அவனை நிறுத்தி ஆயிரம் ரூபாய் போட்டுவிட்டு, மணி அடிக்கிறவரை விட்டுவிடுகிறோம். வீட்டாரும் குறைந்தவர்கள் இல்லை. எங்கே வந்துகொண்டிருக்கிறாய் என்று கேட்பது நம் ஊரில் பாசத்தில் சேர்த்தி.

நாமக்கல்லில் ஒரு சின்ன டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் இதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். முதலாளி தானே பல வருஷம் லாரி ஓட்டியவர். திரையில் ஓடுகிற வண்டி பச்சையாகவும் நிற்கிற வண்டி சிவப்பாகவும் தெரியும். பச்சையில் இருக்கிற வண்டிக்கு ஆபீஸிலிருந்து யாரும் போன் போடக் கூடாது, முதலாளி உட்பட. டிரைவர்களின் வீட்டிலும் ஆபீஸ் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். சேதி இருந்தால் அங்கே சொல்லிவிட்டால், வண்டி சிவப்பானதும் புக்கிங் கிளார்க் கூப்பிட்டுச் சொல்வார். ரோட்டில் நடுராத்திரி மூன்று பேர் ஒரே லைனில் பேசுவதை இது தடுக்காது. முதலாளி அதைத் தடுக்கவும் நினைக்கவில்லை.

சலிப்பெல்லாம் கிளார்க் தம்பிக்குத்தான். நான் போயிருந்தபோது ஈரோட்டிலிருந்து மஞ்சள் ஏற்றிய பார்ட்டி லைனில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை இறக்க முடியுமா என்று டிரைவரைக் கேட்டு உடனே சொல்ல வேண்டுமாம். தம்பி திரையைப் பார்த்தார். “வண்டி ஓடிட்டு இருக்குதுங்க. நின்னதும் கேட்டுச் சொல்றனுங்க” என்றார். ஈரோட்டுக்காரர் போட்ட சத்தம் எதிரே உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. அடுத்த மாதம் லோடை வேறு ஆபீஸுக்கு மாற்றிவிடுவேன் என்றார். “சரிங்க, மொதலாளிகிட்டச் சொல்லிர்றேன்” என்று தம்பி வைத்துவிட்டார். முதலாளி பக்கத்து மேஜையில்தான் இருந்தார். யார் என்றுகூடக் கேட்கவில்லை.